பிழைச் செய்திகளின் பாடபேதம்: ஓர் ஆராய்ச்சி

இல்லாத கோப்பைத் திறக்கப் போனால் கணினி என்ன சொல்லும் என்பது ஆராய்ச்சிக்கு உரிய கேள்வியே அன்று எனப் பலர் கருதுவர். அவர்கள் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர்கள். ‘அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்பது லினக்ஸ் பாடம். ‘குறிப்பிட்ட கோப்பைக் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பது விண்டோஸ் பாடம். முன்னது இல்லை என்று அடித்துப் பேசுகிறது. பின்னது ‘இருக்கலாம், எனக்குத்தான் அகப்படவில்லை’ என்று அடக்கம் காட்டுகிறது. நிரலைச் சோதிக்க லினக்ஸில் எழுதிய டெஸ்ட் முன்னதை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்து நின்று, விண்டோஸில் ஃபெயில் ஆகிறது. நிரலில் குற்றமில்லை என்க.

இணைப்பு மறுக்கப்படும் இடத்தில் பேதம் இன்னும் சுவையானது. லினக்ஸ் இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளும். விண்டோஸோ, எதிர்க் கணினி முனைந்து மறுத்துவிட்டதால் இணைப்பு ஏற்படவில்லை என்று விரித்துரைக்கும். முனையாமல் மறுப்பதும் உண்டோ எனின், உண்டு: பதிலே சொல்லாமல் காக்கவைப்பது. அதற்கு வேறு பிழை. அங்கேயும் பேதம் ஒழியவில்லை. வழக்கமான லினக்ஸில் உள்ள க்ளிப்சி நூலகம் ‘இணைப்பு’ காலங்கடந்தது என்கிறது. ஆல்பைன் லினக்ஸில் உள்ள மஸ்ல் நூலகம் ‘செயல்’ காலங்கடந்தது என்கிறது. லினக்ஸுக்குள்ளேயே இந்தக் கதி.

சொல்லை விட்டு எண்ணைப் பிடித்தால் ஆகாதோ எனின், அற்றன்று. மேற்சொன்ன மறுப்பு வழக்கமான லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061. 1988இல் வந்த போசிக்ஸ் தரநிலை பிழைகளுக்குப் பெயர் சூட்டியதோடு நின்றது. எண்ணையும் வாசகத்தையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அறியாத பிழை எண்ணைக் கொடுத்தால் க்ளிப்சியும் மேக்கும் ஒரே வாசகத்தைத்தான் தருகின்றன. மேக்கில் மட்டும் எண்ணுக்கு முன் ஒரு முக்காற்புள்ளி. அந்த இரண்டு புள்ளிக்காக விழுந்த டெஸ்டுகளின் வரலாறு தனி நூலாக எழுதத்தக்கது.

அதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத பேதம். விண்டோஸிடம் பிழை வாசகத்தைக் கேட்டு வாங்கும் ஃபார்மட்மெசேஜ் என்னும் செயற்கூறு, வழக்கமாக வாக்கியத்தின் கடைசியில் ஒரு வரிமுறிவையும் சேர்த்தே கொடுக்கும். எதிர்பார்த்ததும் கிடைத்ததும் திரையில் அச்சு அசலாக ஒன்றே. டெஸ்ட் மட்டும் வேறு என்று சாதிக்கும். வால் நறுக்கிய பிறகே அது ஒப்புக்கொள்ளும்.

இனித் தீர்வு. விண்டோஸில் இந்த டெஸ்டை ஓட்டாதே என்று எழுதிவிடுவோர் ஏட்டையே பரணில் போடுகிறவர்கள், அவர்களோடு வாதமில்லை. இரண்டு பாடமும் கொள்க என ‘அல்லது’ போட்டு எழுதுவோர் சற்றே மேல். ஆனால் ஜெர்மன் மொழி விண்டோஸ் வைத்திருப்பவர் ஒருவர் அந்த டெஸ்டை ஓட்டும் நாளில் மூன்றாம் பாடம் கிளம்பும். லினக்ஸில் மொழியமைப்பை ‘சி’ என்று மாற்றி ஆங்கிலத்துக்குத் திருப்பலாம்; விண்டோஸ் தன் வாசகத்துக்கு அதைப் பொருட்படுத்தாது.

ஆகவே பெயரைக் கேட்பதே முறை. பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்து (2012) ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்ற வகை இருக்கிறது. கோ மொழியில் 1.13 முதல் (2019) பிழை இன்னதுதானா என்று கேட்கும் எரர்ஸ்.இஸ் உண்டு. வாசகத்தில் நம் நிரல் சேர்த்த பகுதியை மட்டும் சோதிக்கலாம். அது நம் சொந்தச் சரக்கு.

பெயரும் கைவிடும் இடம் ஒன்றுண்டு. கோப்புறையைக் கோப்பென்று பைத்தானில் திறந்தால், லினக்ஸ் ‘இது கோப்புறை’ என்னும் வகையைத் தரும். விண்டோஸ் ‘அனுமதி இல்லை’ என்னும் வகையைத் தரும். காலியாக இல்லாத கோப்புறையை நீக்கச் சொன்னால் சோலாரிஸ் இயங்குதளம் ‘கோப்பு ஏற்கனவே உள்ளது’ என்கிறது. இது பாடபேதமன்று, பொருள்பேதம். நிரலே முன்கூட்டிப் பார்த்துத் தன் சொந்தப் பிழையை எழுப்புவதும், டெஸ்ட் அதை எதிர்பார்ப்பதும் நன்று. அதற்கு மனமில்லாதவர், ஏதோ ஒரு பிழை வந்தது, உள்ளிருந்த கோப்புகள் அப்படியே இருக்கின்றன என்று சோதித்து அமைக.