வேகாஸ்காரர்

ஜவ்வாது மலைக்கு வேன் பேசிக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் ஒரு வேகாஸ்காரர் ஏறிவிடுகிறார். வயது அறுபதுக்கு மேல். பையன் கலிபோர்னியாவில். பேரன் பிறந்த சாக்கில் ஆறு மாதம் போய் இருந்தபோது, ஒரு வார இறுதியில் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் லாஸ் வேகாஸைக் காட்டியிருப்பார்கள். தங்கியது இரண்டு ராத்திரி. மிச்ச ஆயுளுக்கு அது போதும்.

போளூர் தாண்டி, வண்டி மலையேற ஆரம்பித்ததும் தொடங்குவார். “வெறும் பொட்டல் சார் அது. ஆடுகூட மேயாது. 1931-ல ஒரு பக்கம் ஹூவர் அணையைக் கட்ட ஆரம்பிச்சான். அதே வருஷம் சூதாட்டத்துக்கும் சட்டம் போட்டுட்டான். எப்படி மூளை பாருங்க!” கொண்டை ஊசி வளைவில் பின்சீட்டுப் பையன் வாந்தி எடுப்பான். ஈபிள் கோபுரம், பிரமிடு, சுதந்திர தேவி சிலை எல்லாம் ஒரே ரோட்டில் வந்து முடிகிறவரை இவர் நிறுத்த மாட்டார். அசலைப் பார்க்கப் பாரிஸுக்கும் எகிப்துக்கும் போகிறவர்கள் மேல் அவருக்கு ஒரு பரிதாபம்.

பீமன் அருவியில் மழை பெய்தால்தான் தண்ணீர். கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்துவிட்டு, “பெல்லாஜியோ ஓட்டல்ல தண்ணி பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடும். ராத்திரியில கால் மணிக்கு ஒரு தரம். டான்னு” என்பார். ஜமுனாமரத்தூரில் சாமைச் சோறு வந்தால், அங்கே பார்த்த பஃபேயின் நீளத்தைக் கை விரித்துக் காட்டுவார். காட்டினது சரி, சாப்பிட்டாரா? மருமகள் எடுத்து வந்த குட்டி எலெக்ட்ரிக் குக்கரை ஓட்டல் குளியலறையில் வைத்துச் சோறாக்கி, புகை அலாரம் அடித்துவிடும் என்று தாளிக்காமல், தயிரும் ஊறுகாயுமாக முடித்த விவரம் அவர் வீட்டம்மாவிடம்தான் கிடைக்கும்.

கேசினோ பாகம் தனி. நம் ஊரில் 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்த நாள் முதல் சீட்டு என்று ஒன்றைக் கையால் தொடாதவர், அதற்கு முன்பு எவ்வளவு தொட்டார் என்பதை நாம் கேட்கக் கூடாது. “உள்ளே கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது. பகலா ராத்திரியா ஒண்ணும் புரியாது” என்று குரலைத் தாழ்த்துவார். ஸ்லாட் மெஷினில் அடித்த பணம் அடிவாரத்தில் நாற்பது டாலர். வண்டி ஏற ஏற அதுவும் ஏறி, மேல் வளைவில் இருநூறு. “அறுபதைப் போட்டுத்தானே நாற்பது வந்துது? அந்த நாற்பதையும் மறுபடி அதுலயே போட்டீங்க” என்று முன்சீட்டிலிருந்து வீட்டம்மாவின் குரல் வரும். இந்த மாதிரி நேரங்களில் அவருக்குக் காது அடைக்கும். மலை உயரம்.

ஆனால் காவலூரில்தான் அவர் முழு உருவமும் தெரியும். வைணு பாப்பு வானாய்வகம். சுற்றிலும் இருட்டாக இருக்கிறது என்பதற்காகவே தேடிப் பிடித்த இடம். யுரேனஸுக்கு வளையம் உண்டென்று 1977-ல் தெரியவந்ததில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. இவர் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு வருவார். “விளக்கை அணைங்க சார்” என்பார் ஊழியர். “அங்கே பிரமிடு உச்சியில ஒரு லைட்டு போட்டிருக்கான் தம்பி, ஆகாசத்தையே குத்தும்” என்று இவர் பதில் சொல்வார். இருட்டைக் காசு கொட்டிக் காப்பாற்றுகிறவரிடம் போய்ச் சொல்கிற சேதியா அது!

வானம் பார்க்க நிற்கும் வரிசை நகர்ந்து இவர் முறை வரும்போது மேகம் மூடிக்கொள்ளும்.

“இதான் நம்ம ஊரு! வெனீஷியன் ஓட்டல்ல வானத்தையே சீலிங்ல பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான். மேகமும் பெயின்ட்டுதான். நகராது, எதையும் மறைக்காது.”

“அந்த வானத்துக்குக் கீழ உட்கார்ந்துதாங்க ஒரு காபிக்கு எட்டு டாலர் கொடுத்தீங்க.”

“டிரைவர் தம்பி, கீழே டீக்கடை திறந்திருக்குமா?” என்பார் வேகாஸ்காரர்.