சத்தியத்தைச் சீக்கிரம் தேடி முடிப்பது எப்படி?

சத்தியத்தைத் தேடுவது நல்ல காரியம். தேடிக்கொண்டே இருப்பதுதான் குடும்பத்துக்கும் சபைக்கும் தொல்லை. வேலைவெட்டி உள்ளவர்கள் இதைச் சட்டென்று முடித்துக்கொள்ள வழி உண்டு.

முதலில் ஒரு தேதி வேண்டும். எந்த கன்வென்ஷனில், எந்தப் பாட்டுக்கு மனந்திரும்பினீர்கள் என்று சாட்சியைத் தயாராக வைத்திருங்கள். தேதிக்கு முந்தின பாவங்களை எவ்வளவு விரித்தாலும் சபை ஆவலோடு கேட்கும். பிந்தினவற்றைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

புனித அகுஸ்தினார் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டார். மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் 386இல் மனந்திரும்பி, மறு ஆண்டு ஈஸ்டரில் ஆயர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். சிறுவயதில் பேரிக்காய் திருடியது முதல் எல்லாம் அடங்கிய அருமையான சாட்சி. ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து, தாமே ஆயரான பிறகு, அதை நூலாக எழுத உட்கார்ந்தவர் ஒன்பதாம் பாகத்தோடு எழுந்திருக்கலாம். பத்தாம் பாகத்தில் தம்முடைய அன்றைய நிலையைக் கிளறத் தொடங்கிவிட்டார். வீட்டில் இருக்கும்போது பல்லி ஈயைப் பிடித்தால் கவனம் அங்கே போய்விடுகிறதாம். கோயிலில் பாட்டின் பொருளைவிட இசை தம்மை அதிகம் உருக்கிவிட்டால் அது பாவமாகப் படுகிறதாம். ஓர் ஆயர் இதையெல்லாம் வெளியே சொல்லலாமா? நம் பாடகர் குழுவின் காதில் விழுந்தால் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி என்ன ஆகும்?

அடுத்தது கேள்விகள். நோவாவின் பேழை எத்தனை முழ நீளம் என்பதுபோலக் கேளுங்கள். முந்நூறு முழம். வேலை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். தீமை எங்கிருந்து வந்தது என்று கேட்டதால்தான் அகுஸ்தினார் மானிக்கேயர் என்ற மதக்குழுவினரிடம் போய் ஒன்பது ஆண்டுகள் சிக்கிக்கொண்டார். எங்கள் போதகர் ஃபவுஸ்துஸ் வரட்டும், எல்லாவற்றுக்கும் விளக்கம் தருவார் என்று அவர்கள் இழுத்தடித்தார்கள். அவரும் வந்தார், இனிக்க இனிக்கப் பேசினார். வான சாஸ்திரத்தில் இவர் மடக்கியபோது மட்டும் தமக்கு அது தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை அகுஸ்தினார் மெச்சி எழுதியிருப்பது, என் பார்வையில், ஆபத்தான முன்மாதிரி. தெரியாது என்று சொல்லும் போதகரை நம் சபையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

ஜெபிக்கிற அம்மா வீட்டில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மகனுக்குப் புத்தி சொல்லச் சொல்லி அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா ஓர் ஆயரை அழுதழுது நச்சரித்தார். அவனாகவே படித்துத் தெளிவான் என்று ஆயர் கைகழுவிவிட்டார். மகனோ அம்மாவை ஏமாற்றிவிட்டு, இரவோடு இரவாகக் கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறினார். அம்மா விடவில்லை, மிலான் வரை வந்துவிட்டார்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் ஐசுவரியம் வந்தால் சட்டம் போட்டு மாட்டுங்கள். சிலுவை சுமக்கிற வசனம் வந்தால் அது அட்டையைப் பிரித்துக் கொடுத்தவரின் கைப்பிசகு.

அகுஸ்தினார்தான் இப்படி, நம் ஊர்க்காரராவது சூதானமாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. நெல்லைச் சீமையில் வைணவராகப் பிறந்த ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது 1894இல். வந்து சேர்ந்துவிட்ட மனிதர் 36 ஆண்டு கழித்து, யாத்திரை போகிறவனைப் பற்றி ஒரு காப்பியத்தையே வெளியிடுகிறார். அதுவும் கம்பனைக் கைவிடாமல், அவன் வளர்த்த தமிழிலேயே. பழைய வாசனை ஒட்டாமல் மதம் மாறுவது எப்படி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

மிச்சமிருப்பது முதுமை. அதுதான் மிகவும் ஆபத்தான கட்டம். 72 வயதை ஒட்டி அகுஸ்தினார் தம்முடைய 93 நூல்களையும் வரிசையாக எடுத்துவைத்து, இங்கே தவறு, அங்கே அவசரம் என்று திருத்தம் எழுதினார். ஊரே அவரிடம் பதில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 430இல் வாண்டல் படை அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருக்க, சாகக் கிடந்தவர் பாவமன்னிப்புக் கேட்கும் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதார். இத்தனை வருஷம் ஆயராக இருந்து என்ன பிரயோஜனம்?

அந்த வயதில் உங்களுக்கும், பைபிள் ஓரத்தில் எழுதிவைத்த பழைய குறிப்புகளைத் திரும்பப் பார்க்கத் தோன்றலாம். உடனே பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, மூக்குக் கண்ணாடியை எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொல்லுங்கள்.