பெஞ்சில் உட்கார்ந்தால் ஆராய்ச்சியா?

கேள்வி: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாங்களும் ஊர்க்கதை பேசுகிறோம். அதையே சமூகவியல்காரர் செய்தால் டாக்டர் பட்டம். இது என்ன நியாயம்?
(டீக்கடை வாடிக்கையாளர், பாபநாசம்)

பதில்: எந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்டீர்கள் என்பதை நீங்கள் சொல்வதில்லை, அவர் சொல்லியாக வேண்டும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் உங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, ‘ஸ்ரீபுரம்’ என்று அதற்குப் புனைபெயர் வைத்து 1965இல் புத்தகம் போட்டார். ஜாகை அக்கிரகாரத்தில். மற்ற தெருக்காரர்களுக்கு அவர் வடக்கேயிருந்து வந்த இன்னொரு பிராமணர், அவ்வளவுதான். அதனால் அவர்களிடம் அதிகம் நெருங்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஊர்க்கதை பேசுகிறவர் யாராவது இப்படி ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடாதா?
(ஓய்வுபெற்ற தாசில்தார், விருதுநகர்)

பதில்: படிவத்தில் எழுதுகிற கை வேறு, கல்லாவில் இருக்கிற கை வேறு ஐயா. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்தது. ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு சுற்றினார். ஏறி இறங்கிய விடுதிகளும் உணவகங்களுமாக 251. இடமில்லை என்றது ஒன்றே ஒன்று. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, “சீனர் வந்தால் ஏற்பீர்களா?” என்று கேட்டார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் “மாட்டோம்” என்றார்கள்!

இதிலும் ஓட்டை உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று அறை கொடுத்தவரும் ஒரே ஆள்தானா? கூடவே ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றதால் கிடைத்த மரியாதையா? சக ஆய்வாளர்கள் குடைந்தெடுத்தார்கள். அந்தக் குடைச்சலும் ஆராய்ச்சியில் சேர்த்திதான்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். படிவத்தில் ‘சாதி பார்ப்பதில்லை’ என்று டிக் அடித்த கை, மணமகள் தேவை விளம்பரத்தில் உட்பிரிவுவரை எழுதும்.

கேள்வி: என் யூடியூப் கருத்துக்கணிப்பில் இரண்டு லட்சம் பேர் வாக்களித்தார்கள். நம்பலாம்தானே?
(சேனல் நடத்துபவர், கோவை)

பதில்: 1936இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் ஜனாதிபதித் தேர்தல் கருத்துக்கணிப்புக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. வேட்பாளர் லாண்டன்தான் ஜனாதிபதி என்று பத்திரிகை அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். கேட்டதெல்லாம் பெரும்பாலும் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களை. இரண்டே வருடத்தில் பத்திரிகையும் நின்றுபோனது. சேனலைப் பார்த்து நடத்துங்கள்.

கேள்வி: என் களக் குறிப்புகளைக் கரையான் அரித்துவிட்டது. இனி என்ன செய்வேன்?
(ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

பதில்: சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி எடுத்த குறிப்புகளைப் பல வருடம் உழைத்துத் தொகுத்து வைத்திருந்தார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அந்தத் தொகுப்பின் மூன்று பிரதிகளும் எரிந்தன. பெரும்பாலும் ஞாபகத்தை வைத்தே எழுதி 1976இல் புத்தகம் கொண்டுவந்தார். இன்றும் படிக்கிறார்கள். வழிகாட்டியிடம் தைரியமாக இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் ஊரிலேயே தங்கினாயா, காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பினாயா என்று அவர் கேட்பார். அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கட்டும்.