ஓடுவது தெரியாமல் ஓட வேண்டும்

2002 வாக்கில் சென்னையில் சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்ய நினைத்தவர்களுக்கு ஒரே திசைதான்: அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்ப வேண்டும். கடைக்காரர் ஒரு துண்டுத் தாளில் கொட்டேஷன் எழுதித் தருவார். ப்ராசசர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி வரியில் ‘கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று பெட்டி, மின்வழங்கி இரண்டையும் சேர்த்து ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார். முதல் வரியைப் பார்த்து எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று எல்லாரும் கேட்பார்கள். கடைசி வரியைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கணினி வீட்டுக்கு வந்ததும் இரவில் காதில் விழுவது அந்தக் கடைசி வரிதான்.

எனக்கு அப்போது கேசட்டுகளைச் சிடிக்கு மாற்றும் வேலை. கல்யாண வீட்டு நாகஸ்வரம், கோயில் கதாகாலட்சேபம், இறந்துபோன தாத்தா பேரனுக்குப் பேசி அனுப்பிய ஒலிக்கடிதம் என்று பலதும் வரும். டேப்பின் இரைச்சலை மென்பொருளால் நீக்குவதற்குக் கணினி மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால் வேகம் வேண்டும். நீக்கியது போதுமா, நாயனத்தின் மூச்சையும் சேர்த்து நீக்கிவிட்டோமா என்று காதால்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் அமைதி வேண்டும். திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த போர்ஷனில் கூடம் ஒன்றுதான். கணினியும் அங்கேதான், பாட்டி படுப்பதும் அங்கேதான். “ராத்திரில எவன்டா கிரைண்டர் போட்டிருக்கான்?” என்று பாட்டி தூக்கத்திலேயே கேட்பாள்.

புதிதாக ஒன்று அசெம்பிள் செய்யப் போனபோது கடைக்காரரிடம் சொன்னேன்: “அண்ணே, வேகமா இருக்கணும். சத்தமும் கம்மியா இருக்கணும்.”

அவர் நல்ல மனிதர். கேலி செய்யவில்லை. “சத்தம் வந்தாதான் தம்பி, ஓடுதுன்னு அர்த்தம்” என்றார்.

அன்றைய நிலவரத்தில் அவர் சொன்னது சரிதான். 486 காலத்தில் பல ப்ராசசர்களுக்கு விசிறியே கிடையாது; மேலே ஹீட் சிங்க் என்னும் ஓர் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 2001-இல் வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் ஏஎம்டி அத்லான் 72 வாட் வரை மின்சாரம் எடுத்தது. எடுத்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். விரல்நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டிலிருந்து அந்த வெப்பத்தை இழுக்க, 60 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்தி நிமிடத்துக்கு 5000, 7000 சுற்று என்று சுற்றவிட்டார்கள். அந்தச் சிலிக்கானுக்கு மேலே மூடிகூட இல்லை. ஹீட் சிங்க்கின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்டும்போது கோணம் கொஞ்சம் தவறினால் சிலிக்கானின் மூலை தெறித்துவிடும். அந்த ஒரு நிமிடம் மட்டும் கடைப்பையன்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசரின் ஹீட் சிங்க்கைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அதே 2001-இல் ஒரு ஜெர்மானியக் குழு படம் பிடித்துக் காட்டியது. இன்டெல்லின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. விசிறி நின்றால் ப்ராசசர் போச்சு என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் வந்தது அந்தப் படத்தால்தான். அதற்கப்புறம் சத்தம் எங்களுக்கு ஆயுள் காப்பீடாகிவிட்டது.

கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்துகொண்டது. 2003-இல் வந்த என்விடியா ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் விசிறிச் சத்தம் உலகப் புகழ் பெற்றது. இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தைக் கணினியில் மாட்டுவதுபோல அந்த நிறுவனத்தாரே ஒரு வேடிக்கைப் படம் எடுத்து வெளியிட்டார்கள்.

இதற்கெல்லாம் கடையில் மருந்து இல்லை. வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டும். நான் எடுத்தது அத்லான் எக்ஸ்பி 1700+. அதைவிட வேகமானவை அதே அலமாரியில் இருந்தன. ஆனால் 130 நானோமீட்டர் நுட்பத்தில் வந்த புதிய 1700+ சுமார் 50 வாட்டில் நின்றது. அந்த இருபது வாட் வித்தியாசத்துக்காகத்தான் வேகத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தேன். பெரிய ஹீட் சிங்க்கில் 80 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்தினேன். விசிறிக்கு 12 வோல்ட் போக வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மஞ்சள் ஒயரில் 12, சிவப்பு ஒயரில் 5. விசிறியின் தரைக் கம்பியைக் கறுப்பில் இணைக்காமல் சிவப்பில் இணைத்தால் மீதி 7 வோல்ட்தான் கிடைக்கும், விசிறி மெல்லச் சுற்றும். வேகத்தைக் குறைக்கச் செலவில்லாத வழி அது.

ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி வைத்தியம். பந்து பேரிங்கில் 7200 சுற்று சுற்றும் வட்டின் கீச்சுக் குரல் கேபினட்டின் மெல்லிய தகட்டில் ஏறிப் பெருகும். 2001-இல் சீகேட் கொண்டுவந்த பாரகுடா 4 திரவ பேரிங்கில் சுற்றியது. அமைதி தேடியவர்களுக்கு அது பெரிய வரம். அதையும் ஸ்க்ரூ போட்டு முடுக்காமல், தையல் கடையில் விற்கும் அகல எலாஸ்டிக்கால் சிடி டிரைவுக்கான பெரிய அறையில் தொங்கவிட்டேன். அதிர்வு தகட்டுக்குப் போகவில்லை. அன்றிரவு பாட்டி ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கணினியில் கேட்ட நாகஸ்வரங்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. ஊதுவதற்கு முன் வித்வான் சீவாளியைச் சரிபார்க்கும் சின்ன ஒலி பழைய இயந்திரத்தில் ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. அமைதியான கணினி ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

பிறகு காலம் எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் காதுக்காக இல்லை; வெப்பத்துக்குத் தோற்றுத்தான். 2004-இல் பிரெஸ்காட் பென்டியம் 4-கள் நூறு வாட்டைத் தாண்டின. அதே ஆண்டு இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர் திட்டத்தைக் கைவிட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டில் பழையதைவிடக் கூடுதல் வேலை செய்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வீணாகும் மின்சாரத்துக்கு 80 பிளஸ் என்ற அளவுகோல் 2004-இல் வந்தது. 2005-இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய நாக்டுவா, அமைதியான விசிறிக்கென்றே பேர் வாங்கியது. சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்தபின் எலாஸ்டிக்குக்கு வேலை போய்விட்டது.

இப்போது அக்கா மகளுக்குக் கணினி அசெம்பிள் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. பிளெண்டர் மென்பொருளில் அனிமேஷன் செய்கிறாள், ஒலிநூலுக்குக் குரலும் கொடுக்கிறாள். மேடவாக்கத்தில் சின்ன அறை, மைக்குக்கும் கேபினட்டுக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை.

“மாமா, பெஸ்ட் கார்டு எதுவோ அதை வாங்கிடலாம். லிக்விட் கூலர் போட்டா சத்தமே வராதாம்” என்றாள்.

“மொதல்ல எத்தனை வாட்னு பாரும்மா” என்றேன்.

பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. என் பழைய கணினியின் மொத்தச் செலவைவிட இன்று கார்டு ஒன்று மட்டும் பல மடங்கு விழுங்குகிறது: ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 5090-க்கு 575 வாட். 72 வாட் அத்லான் கூடத்தையே எழுப்பியது. 300 வாட் கார்டு இன்று பக்கத்தில் ஓடினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் பயந்தது வெப்பத்துக்கு, எங்களைப் படுத்தியது விசிறியின் சிறுமை. 60 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறிக்குப் பரப்பு நான்கு மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தெரியும்.

அவளும் நானும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். கார்டு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. 16 ஜிபி நினைவகம், 300 வாட். மூன்று விசிறி உள்ள தடித்த மாடலாகவே எடுத்தோம், ஏனென்றால் வேலை இல்லாதபோது விசிறிகள் முற்றிலும் நின்றுவிடும். குரல் பதிவு செய்யும் நேரத்தில் கார்டு ஊமை. ப்ராசசர் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ். அதன் கணக்கு 170 வாட். பயாஸில் ஈகோ மோடை வைத்து 105 வாட்டுக்கு இறக்கினேன். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது. விசிறியின் வேகம் நன்றாகவே குறைகிறது. உச்சத்தில் கடைசிச் சில சதவீத வேகத்துக்காக இந்தச் சில்லுகள் கொட்டும் வாட் கொஞ்சநஞ்சமல்ல. 1700+ வாங்கிய அதே நியாயம்தான் இது. இன்று அதற்குக் கடை அலமாரியில் தேட வேண்டியதில்லை, மெனுவிலேயே இருக்கிறது.

லிக்விட் கூலரை வேண்டாம் என்றேன். தண்ணீரைச் சுழற்றும் பம்ப் எப்போதும் ஓடியாக வேண்டும். விசிறி நின்றாலும் அதன் முனகல் நிற்காது. வருடங்கள் போகப் போகக் குழாயின் சுவர் வழியே நீர் மெல்ல ஆவியாகும். காற்றுக் கூலரில் கெட்டுப்போகக் கூடியது விசிறி ஒன்றுதான், அதையும் தனியாக மாற்றலாம். நாக்டுவாவின் என்ஹெச்-டி15 நல்ல பொருள். அதில் பாதிக்கும் குறைந்த விலையில் தெர்மல்ரைட்டின் இரட்டைக் கோபுரக் கூலர் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. இரண்டாவதை எடுத்தோம், மிச்சமான பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போட்டோம். 80 பிளஸ் கோல்டு, 850 வாட். பாதிச் சுமையில் ஓடினால் அதன் விசிறி சும்மா இருக்கும்.

கேபினட்டில்தான் அவள் வாதாடினாள். சத்தம் வரக்கூடாது என்றால் நாலு பக்கமும் மூடிய பெட்டிதானே வேண்டும் என்று கேட்டாள். நாங்களும் அப்படித்தான் நம்பி, உள்ளே ஃபோம் ஒட்டிய காலம் உண்டு. மூடிய பெட்டியில் காற்றுக்காக விசிறிகள் திணறிச் சுற்றும். முகப்பு முழுவதும் கம்பிவலை உள்ள பெட்டியில் 140 மில்லிமீட்டர் விசிறிகள் 700 சுற்றிலேயே வேலையை முடித்துவிடும். மறைத்துச் சாதிக்க முடியாத அமைதியைத் திறந்துவிட்டுப் பெற முடிகிறது. வலைக்குப் பின்னால் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். சென்னைத் தூசிக்கு அது கட்டாயம்.

வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே நம்பக்கூடாது என்பதையும் அவளிடம் சொன்னேன். அங்கே அறை வெப்பம் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள். நம் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறை 35-ஐத் தாண்டும். கூலர் தருவது அறைக்கும் ப்ராசசருக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும்தான். அறையில் ஏறிய பத்து டிகிரியும் ப்ராசசரில் அப்படியே ஏறும். விசிறியின் வேகக்கோட்டை மே மாதத்துக்காக வரைய வேண்டும். வேகம் ஏறியிறங்குவதையும் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது.

எல்லாம் முடிந்து ஓடவிட்டபோது, பவர் பட்டனின் விளக்கைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்தது. ரெண்டர் போட்டால் மெல்லிய காற்றோசை. அதற்கு மேல் கேட்பது சீலிங் ஃபேன், தெருவில் தண்ணீர் லாரி. ஆனால் அவள் நாள் முழுக்கக் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறாள். நாங்கள் எலாஸ்டிக்கில் தொங்கவிட்டுச் சம்பாதித்த அமைதி அவளுக்கு மைக்கைத் திறக்கும் நேரத்தில் மட்டும்தான் தேவைப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. ரெண்டர் ஓடும்போது அந்த அமைதியான பெட்டி 400 வாட் வெப்பத்தை அந்தச் சின்ன அறையில் கொட்டுகிறது. அரை மணியில் ஏ.சி.யைப் போட வேண்டியிருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஏ.சி. இல்லை, கணினி இரைந்தது. மேடவாக்கத்தில் கணினி இரையவில்லை, ஏ.சி. இரைகிறது. அதனால் ரெண்டர் வேலையை இரவுக்கும், குரல் பதிவை அதிகாலைக்கும் பிரித்து வைத்துக்கொண்டாள். வாட்டைக் குறைத்து வாங்கியது அங்கேதான் முழுப் பலன் தருகிறது.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ரிச்சி தெருவில் நின்றுகொண்டு ஒரு விசிறியின் சத்தத்தை யாராலும் எடைபோட முடியாது. ஹாரனும் கூவலும் விடாது. கண்ணாடி வழியே வண்ண விளக்கு எரிவதைக் காட்ட எல்லாக் கடையிலும் ஒரு மாடல் ஓடிக்கொண்டிருக்கிறது. கடையின் பின்பக்கம், கதவு மூடும் ஒரு சின்ன அறையில் அதையே வைத்து, முழுச் சுமையில் ஓடவிட்டு, வாங்க வருகிறவரை ஐந்து நிமிடம் உள்ளே உட்கார வையுங்கள். கொட்டேஷனின் கடைசி வரிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.