கொடிக்கால் கணு

வெற்றிலைக்கு விதை போட்டு எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. முற்றிய கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுவதுதான் வழக்கம். சோழவந்தானில் எங்கள் அப்பா அகத்தி நிழலில், ஈரம் குறையாமல் பார்த்துப் பார்த்து ஊன்றுவார். சில நாள் கழித்து ஒரு துண்டைப் பிடுங்கிக் காட்டுவார். மண்ணுக்குள் இருந்த கணுவில் வெள்ளை நூல் மாதிரி வேர். மேலே இருந்த கணுவில் பச்சை மொட்டு. “ரெண்டும் ஒரே கொடிதானே, எங்க வேர் விடணும்னு அதுக்கு எப்படிப்பா தெரியுது?” என்று கேட்டேன். “அதுக்குத் தெரியும்டா” என்றார். எனக்கு அப்போது பத்து வயது.

அந்தக் கேள்வியைத்தான் உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மதுரையில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது. உடம்பின் செல்களில் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அதில் எது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் திறக்கிறது என்பதைப் பொறுத்தே ஒன்று கண்ணாகிறது, ஒன்று காலாகிறது. 1984-இல் ஹோமியோபாக்ஸ் பற்றிய செய்தி வந்தது. பழ ஈயின் உடம்பில் எந்தப் பகுதி எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்களில் 180 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு வரும் ஒரு பகுதி அது. கிட்டத்தட்ட அதேபோன்ற பகுதி தவளையிலும் எலியிலும் மனிதனிலும் இருந்தது. அதைச் சொன்ன கட்டுரையைப் படிக்க வேண்டுமே! ஆய்வு மாணவராக இருந்த ஓர் அண்ணன், கட்டுரையின் பிரதி கேட்டு எழுதும் அச்சடித்த ரீபிரிண்ட் கார்டு ஒன்று கொடுத்தார். தலைப்பையும் ஊர் முகவரியையும் நிரப்பி அதை எழுதியவர்களுக்கு ஸ்விட்சர்லாந்துக்குத் தபாலில் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பழுப்பு உறை வீடு தேடி வந்தது. தபால்காரர் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “வெளிநாட்டுல யாருங்க?” என்று கேட்டாராம். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

நாகமலைக்கு அந்தப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகம். எம்.கே. சந்திரசேகரன் அங்கே வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். டி.ஜே. பாண்டியன் மீன்களை ஆராய்ந்தார். அவரும் அவர் மாணவரும் 2004-இல் வெளியிட்ட வேலை என் மனதில் அப்படியே நிற்கிறது. இறந்துபோன ரோஸி பார்ப் மீனை உறையவைத்திருந்து, அதன் விந்தணுவை டைகர் பார்ப் மீனின் முட்டையில் சேர்த்தார்கள். அந்த முட்டையின் சொந்த மரபணுக்களைப் புறஊதாக் கதிரால் முன்பே செயலிழக்கச் செய்திருந்தார்கள். பொரிந்து வந்தவை ரோஸி பார்ப் குஞ்சுகள். முட்டை ஒரு இனம், பிறந்தது வேறு இனம்! இது நடந்த இடத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு மலைதான்.

ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. எம்.எஸ்சி. முடித்ததும் வடக்கே ஒரு ஆய்வகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கான கடிதம், தேர்வு முடிந்த நாலாம் நாள் வந்தது. அப்பா அதைக் கேட்டு வருத்தப்பட்டார் என்று சொல்ல முடியாது. “படிக்கிறதுக்கு மாசாமாசம் பணம் குடுப்பாங்களா? கடைசியில நம்மகிட்டதான்டா வாங்குவாங்க” என்றார். ஆராய்ச்சிக்கு உதவித்தொகை உண்டு என்பதை அவர் கடைசி வரை நம்பவில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியரானேன். முப்பது வருஷம் தவளையையும் கரப்பான் பூச்சியையும் பலகையில் வரைந்தேன். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நாலு நாளை மறக்கவில்லை.

இப்போது என் சொந்த அண்ணன் பேத்தி டெவலப்மென்டல் ஜீனோமிக்ஸில் பிஎச்.டி. முதல் வருஷம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கினாள். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு 42,000. பெங்களூரு என்.சி.பி.எஸ்., மும்பை டி.ஐ.எஃப்.ஆர். போன்ற இடங்களுக்கு ஜேஜீபில்ஸ் என்று தனித் தேர்வு இருப்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு நேர்முகம் வீடியோவில் நடந்தது. கூடத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவுக்கு வெளியே நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

தேர்வு அறிவிப்பு இன்றைக்குக் கைப்பேசிக்கே வருகிறது, உண்மைதான். ஆனால் எந்த வார்த்தையைப் போட்டுத் தேட வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வருகிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். படித்துக்கொண்டே சம்பளம்போல் வாங்கலாம் என்பது பலருக்கு இன்றும் புதுச் செய்தி. அப்பாவின் கேள்வி அவர்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பணமும் மாதாமாதம் வந்துவிடுவதில்லை. இவளுக்கு முதல் தொகை வர ஐந்து மாதம் ஆயிற்று; அதுவரை விடுதிக்கு அண்ணன்தான் கட்டினார். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? நினைத்தால் கோபம்தான் வருகிறது.

பொங்கலுக்கு வந்தவள் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினாள். கோலப்பொடி சிந்தியதுபோல் ஆயிரக்கணக்கான புள்ளிகள், நிறம் நிறமாய்த் திட்டுத் திட்டாய். “ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல் தாத்தா. அந்த நேரத்துல அதுல எந்தெந்த ஜீன் திறந்திருக்குன்னு தனித்தனியா படிச்சிருக்கோம்.” ஒரு மனித மரபணுத் தொகுப்பைப் படித்து முடிக்க 13 வருஷம் ஆன காலத்தைப் பார்த்தவன் நான். ஒரு ஓரத்தில் நீலமாய் இருந்த சின்னத் திட்டைக் காட்டி, “இதுதான் வேரா மாறப்போற கூட்டம்” என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அவள் ஆய்வகத்தில் வைத்திருப்பது கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடி. வெற்றிலைக் கணுவையும் ஒரு தரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெயரையும் அவள் மறக்கவில்லை. அவள் ஆய்வகத்துக்குத் திரும்பும் அன்று விடியலில் இரண்டு பேரும் கொடிக்காலுக்குப் போனோம். பத்துத் துண்டு கேட்டாள். அப்பாவின் கத்தியால் நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, மேலே வாழை மட்டை வைத்துக் கட்டினேன்.

“வெட்டுன நேரம் எழுதணும் தாத்தா. வெட்டுனதுலேர்ந்தே உள்ள எந்த ஜீன் திறந்திருக்குங்கிறது மாற ஆரம்பிச்சிரும்.”

கடிகாரத்தைப் பார்த்து, மட்டையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: காலை 6.20.