காம்பராவுக்குள் ஒரு பட்டாளம்

வீட்டில் ஓர் அறையை ஒழித்துப் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து வைப்பது சீமைக் கனவான்களின் பழைய பைத்தியம். 1893இல் பிரிட்டன் என்ற பொம்மைக் கம்பெனி உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியதும் விலை இறங்கியது, படை பெருகியது. அதற்கு முன்பே சிறுவன் சர்ச்சிலிடம் மட்டும் சுமார் 1500 பேர். எச். ஜி. வெல்ஸ் தரையில் சண்டை போட விதிகள் வகுத்து 1913இல் புத்தகமே போட்டார். மறு ஆண்டு நிஜச் சண்டை வந்துவிட்டது.

இலங்கையில் எங்கள் பொல்பிட்டியப் பக்கம் இந்த ஆசை வந்தால் முதல் சிக்கல் அறைதான். தோட்டத் தொழிலாளருக்கு வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பரா, அதாவது அறை, 10க்கு 12 அடி. அதில் ஏற்கெனவே ஒரு பட்டாளம்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளைகள், போன மாசம் கட்டிவந்த மருமகள். முன்திண்ணையான இஸ்தோப்பை அடைத்துப் படுக்கையாக்கியும் ஆயிற்று. துரை பங்களாவில் இடம் தாராளம். அங்கே நாம் போவது தோட்டம் கூட்டத்தான்.

அடுத்தது மழை. ஈரமும் மர அலமாரியின் புளிப்பு ஆவியும் பட்டால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். இந்த ஊர் மழையை நம்பி 1969இல் மின்நிலையமே ஓடத் தொடங்கியது. ஈயச் சிப்பாய் எம்மாத்திரம்?

பக்கத்துக் கித்துல்கலவில் ‘குவாய் நதிப் பாலம்’ படக்காரர்கள் ஆளுயரச் சிப்பாய்களையே ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அறை தேவைப்படவில்லை.

ஆகவே தம்பி, சொந்தக் காணியில் தனிவீடு வரும்வரை படையை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கி வை.