பத்துப் பங்கு முதலாளிக்கு

வாடா பேராண்டி! போனுலயே சிமெண்டு கம்பெனிப் பங்கு பத்து வாங்கிட்டியாமே. இனிமே உன்னைய முதலாளின்னுதான் கூப்பிடணும். உக்காரு முதலாளி, அந்த முறத்தை இப்படித் தள்ளு. வெங்காயத்துக்குத் தாள் கிள்ளிக்கிட்டே பேசுவோம்.

நமக்குக் கிழக்கால, அரியலூரு மண்ணுக்கடியில இருக்கே சுண்ணாம்புக்கல்லு, அது அந்தப் பக்கம் கடலாக் கெடந்த காலத்துல நத்தையும் சிப்பியும் செத்துப் படிஞ்சது. நியாயமாப் பாத்தா அதுங்கதான் மூல முதலாளி. பாவம், ஒருநாளும் டிவிடெண்டு கேட்டதில்ல. கேக்குறவன் நீ. சரி, சுரங்கத்தை ஒட்டிக் குடியிருக்கவன், லாரி ஓட்டுறவன், புழுதி படிஞ்ச முருங்கைக்கீரையை நாலு தண்ணி கழுவி ஆக்குற பொம்பளை, இவங்கள்லாம் எந்தக் கணக்குலடா வர்றாங்க?

1970-ல அமெரிக்காவுல மில்டன் ப்ரீட்மன்னு ஒரு பொருளாதாரப் புலி, சட்டத்துக்குள்ள நின்னு லாபத்தைப் பெருக்குறதுதான் கம்பெனிக்கு வேலைன்னு பத்திரிகையில எழுதிட்டாரு. பங்குக்காரன் காதுல தேன் பாய்ஞ்சுது. 2019-ல அங்கத்திய பெரிய கம்பெனித் தலைவருங்க 181 பேரு, தொழிலாளி, வாடிக்கையாளரு, ஊர்சனம் எல்லாரும் எங்களுக்கு முக்கியந்தான்னு கையெழுத்துப் போட்டாங்க. கையெழுத்துப் போட்டா யாருக்குடா கை வலிக்கும்? ஜெர்மன்காரன் 1976-லயே சட்டம் போட்டு, 2000 பேருக்கு மேல வேலை செய்யுற கம்பெனியில மேற்பார்வைக் குழுவுல பாதி நாற்காலியை வேலைக்காரங்களுக்கு ஒதுக்கிட்டான்.

நாம மட்டும் எளைச்சவங்களா? 2013 கம்பெனிச் சட்டம் 166-ஆம் பிரிவைப் பாரு. பங்குதாரரு, தொழிலாளி, ஊர்சனம், சுற்றுச்சூழலு, எல்லாத்தோட நலனையும் டைரக்டரு பாக்கணுமாம். கண்ணுல ஒத்திக்கலாம். அப்படியே 178-க்கு வா. பங்கு, கடன்பத்திரம் வச்சிருக்கவங்க ஆயிரம் பேருக்கு மேல போனா, ஸ்டேக்ஹோல்டர் (அதாவது சம்பந்தப்பட்டவங்க) உறவுக் குழுன்னு ஒண்ணு வைக்கணும். அடடே, முருங்கைக்கீரை வழக்கை அங்க கொண்டு போயிரலாம்னுதானே நெனைக்கிற? அந்தக் குழு கேக்குறது பங்கு, பத்திரம் வச்சிருக்கவன் குறையைத்தான். டிவிடெண்டு வரலையா, வா ராசா. புழுதியா, வேற வாசலைப் பாரு.

நம்ம சிறுவாச்சூரு மதுரகாளி வாரத்துல திங்களும் வெள்ளியுந்தான் நடை தெறக்குறா. ஆனா தெறந்தா, உண்டியல்ல எவ்வளவு போட்டேன்னு கேட்டு உள்ள விடுறதில்ல.

லாபமே வேணாம்னு சொல்லலடா. ஆலை படுத்துட்டா நம்ம பயலுக எங்க போவானுங்க? ஆனா மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதத்தைப் பெரிய கம்பெனிங்க சமூக வேலைக்குச் செலவழிக்கணும், ஆலை இருக்கிற வட்டாரத்துக்குத்தான் முன்னுரிமைன்னு 135-ஆம் பிரிவு சொல்லுது. ஆண்டறிக்கையில அந்தக் கணக்கு இருக்கும். நீ பங்கு வெலையைப் பாக்குற நேரத்துல பாதி நேரம் அதைப் பாரு.

செப்டம்பருக்குள்ள ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாகணும். இப்பல்லாம் நெறைய கம்பெனி வீடியோவுலயே நடத்துது. பத்துப் பங்கு வச்சிருக்கவனும் கேள்வி கேக்கலாம். நம்ம வட்டாரத்துக்கு எவ்வளவு வந்துச்சு, லாரிக்குத் தார்ப்பாய் ஏன் கட்டலன்னு கேளு. பேசணும்னா முன்னாடியே பேரைப் பதியச் சொல்லுவாங்க. நோட்டீசு வந்ததும் பதிஞ்சுடு, முதலாளி.